வயலைப் பார்த்த வாசல்

எங்கள் வீட்டுக்கு வாசல் எது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். தெருவில் நின்று பார்த்தால் தெரிவது வீட்டின் பின்பக்கம். துணி துவைக்கிற கல், குளியலறை, ஒரு முருங்கை மரம், அடுப்படிக் கதவு. வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது. தூண் வைத்த போர்டிகோ, தேக்குக் கதவு, கிரானைட் பதித்த அகலமான படிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். கடைசிப் படியை விட்டு இறங்கினால் அடுத்தவர் வயலில் கால் வைக்க வேண்டும். இப்படி ஒரு வீட்டைக் கட்டியவர் என் வீட்டுக்காரர். குடித்துவிட்டுக் கட்டவில்லை, நல்ல நினைவோடுதான் கட்டினார்.

சிங்கப்பூரில் மேம்பாலம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டையே திறந்துவிட்டார்கள், இனி எல்லாம் மாறப்போகிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். பெட்டியில் எல்லோரையும் போலத் தைலமும் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் இருந்தன. தலைக்குள் மட்டும் ரோடு. எங்கே போனாலும் ரோடு, எதைப் பேசினாலும் ரோடு. பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தானா என்று நீங்கள் கேட்கலாம். அப்போது அவர் வாயையே திறக்கவில்லை. அமைதியான மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து வருகிற டவுன் பஸ் வட்டமடித்துத் திரும்புகிற ஊர். மேற்கே தெரு, கிழக்கே வெண்ணாற்றங்கரை வரைக்கும் வயல். மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாசல் தெருப்பக்கம்தானுங்களே?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். இவர் கிழக்கே கையைக் காட்டினார்.

"அங்க வயலுங்க."

"இன்னிக்கு வயலு. நாளைக்கு அங்கதான் மெயின் ரோடு. வீடு ரோட்டப் பாக்கணும்ல?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்வது, கூலி கொடுக்கிறவர் அவர். கிழக்குப் பார்த்த வாசல் நல்லதுதானே என்று என் மாமியார் ஒரு சமாதானம் சொன்னார். வாசல் கிழக்கே பார்க்கலாம், ஆனால் மனுஷன் வந்து போக ஒரு வழி வேண்டாமா என்று நான் கேட்டேன்.

கிரகப்பிரவேசம் ஆவணியில் நடந்தது. வாசல் வழியாகத்தான் எல்லோரும் உள்ளே வரவேண்டும் என்று பிடிவாதம். பட்டுப்புடவை கட்டிய பெண்களெல்லாம் வரப்பில் ஒற்றை வரிசையாக வந்தார்கள். பேராவூரணியிலிருந்து வந்த என் சித்தி வரிசைத் தட்டோடு வழுக்கி, நட்டு ஒரு வாரம் ஆன நாற்றுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பழம் ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம். முன்வயலுக்குச் சொந்தக்காரர் இவருக்குப் பங்காளி முறை, வயதில் இளையவர். ஓடிவந்து சித்தியைத் தூக்கிவிட்டு, "பரவாயில்லங்க, நாத்துதானே, ஊனிக்கலாம்" என்றார். நல்ல மனுஷர். எனக்கு மானமே போய்விட்டது. இவர் போர்டிகோவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கோலம் போடுவதில்தான் எங்களுக்கு முதல் பெரிய சண்டை. வாசலில் கோலம் போட்டால் பார்ப்பதற்கு வயல்நண்டும் கொக்கும்தான். தெருப்பக்கம் போட்டால், "கொல்லையில எவளாச்சும் கோலம் போடுவாளா?" என்று கத்துவார். கொஞ்ச நாள் இரண்டு பக்கமும் போட்டேன். பிறகு, போய்யா நீயும் உன் வாசலும் என்று தெருப்பக்கம் மட்டும் போட ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவருக்காக அந்தப் பக்கம் நாலு புள்ளி வைப்பேன்.

அவர் கொல்லை என்று சொன்ன அந்தப் பக்கத்தில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. முருங்கை மரத்தடியில் ஒரு அறை கட்டி நான் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். அப்போது தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெண்கள் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து போன் வருமென்று காத்திருப்பார்கள். கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு அழுவார்கள், சிரிப்பார்கள், வெளியே வந்து என்னிடமும் கொஞ்சம் அழுவார்கள். அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். போர்டிகோவில் நாற்காலி போட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன பாக்குறீங்க?" என்றால், "வண்டி போறதப் பாக்குறேன்" என்பார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் கற்பனை றெக்கை கட்டிக்கொள்ளும். அப்பளத்தை டம்ளர்மேல் வைத்து அதுதான் ஸ்டேஷன் என்பார். முருங்கைக்காயை இரண்டு டம்ளருக்குக் குறுக்கே வைத்து அதுதான் ஆகாச ரயில் என்பார். எங்கள் பெண் சின்னவள், கைகொட்டிச் சிரிப்பாள்.

"இன்னும் அம்பது வருஷத்துல தஞ்சாவூரும் நாகூரும் ஒரே டவுனுடி. நடுவுல ஒரு துண்டு வயல் இருக்காது, பாத்துக்க."

"அப்ப சோத்துக்கு?"

"மாடியில வெளையும். கீழ வண்டி, அதுக்கு மேல மனுசன், அதுக்கு மேல அடுக்கடுக்கா நெல்லு."

"நடவாளுங்க லிஃப்டுல போவாங்களாக்கும்."

"நடவுக்கு ஆளே வேணாம். ரயிலுக்கும் டிரைவர் வேணாம். எல்லாம் தானா ஓடும்."

"கிரேனு?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி எங்கயும் நிக்காது, அதான் விசயம். ரோட்டுக்குக் குறுக்க ஒரு ஈ காக்கா போவ முடியாது. ஏறினா எறங்குற எடந்தான். அங்க நான் பாத்திருக்கேன்" என்றார்.

"சரி, மழைத் தண்ணி எங்க போவும்? ஆத்துத் தண்ணி எங்க போவும்?"

"தண்ணிக்கு என்ன, பைப்பு போட்டுருவான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காவேரியைப் பைப்பில் விடுகிறவன் எவன் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கிறவள் சிரிக்கட்டும் என்று அப்பளத்தை உடைத்து, அதாவது ஸ்டேஷனை உடைத்து, சாப்பிட்டு முடித்தார்.

இங்கே எங்கள் வாய்க்காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டை ஒட்டி, வயல்களுக்கு நடுவே கிழக்கே போகிறது. ஆனியில் மேட்டூர் திறந்தால் சில நாளில் இதில் தண்ணீர் ஏறும். பாய்ச்சலுக்கும் அதுதான், ஐப்பசி அடைமழையில் வயலில் நிற்கிற தண்ணீர் வடிந்து போவதற்கும் அதுதான். தையில் அணையை மூடிவிடுவார்கள், வாய்க்கால் வற்றிவிடும். அதற்குப் பிறகு அடுத்த தண்ணீர் வரும்வரை அது எங்களுக்குப் பாதை. மாட்டு வண்டி, டிராக்டர், சைக்கிள், ஆடு எல்லாம் அந்த மணலில்தான் போகும். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கோடையில் வாய்க்காலுக்குள் நடக்காத ஆள் எங்கள் பக்கம் கிடையாது.

என் மாமியார் பங்குனியில் இறந்தார். பிணம் கொல்லை வழியாகப் போகக்கூடாது, வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது எங்கள் வழக்கம், யார் வீட்டிலும் அதை மாற்றமாட்டார்கள். நல்லவேளையாகக் கோடை. அறுப்பு முடிந்த வயலில் இறக்கி, வாய்க்கால் மணல் வழியாகவே கிழக்கே ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு தடங்கலும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவர் என்னிடம், "பாத்தியா, வாசல்லேர்ந்து பாதை இருக்கு. அது தொடுற ரோடுதான் இன்னும் வரல" என்றார். பெற்ற தாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து பேசுகிற பேச்சா இது? ஆனால் அன்றைக்கு என்னால் திட்ட முடியவில்லை. அவர் கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் அந்த மனுஷர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள் என்று சொல்லியிருந்தார். திரிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் வருவது குறைந்து, பிறகு ஒருத்தியும் வரவில்லை. பூத்தின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு விறகு போட்டு வைத்தேன். பஸ் போகிற வழியில் வயல்களில் கலர்க் கொடிகள் முளைத்தன. வெள்ளைக் கல் நட்டு, நாலு தென்னங்கன்று வைத்து, ஆர்ச் கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் எழுதினார்கள். நடவுக்கு ஆள் வராது என்றார். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் ஆள் போய்விட்டது, நடவு மெஷின் வந்தது. ஒவ்வொன்று நடக்கும்போதும் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு மிச்சமிருப்பதும் நடந்துவிடுமே என்று பயம்.

தண்ணீரும் முறை தப்பியது. ஆனியில் வரவேண்டியது ஆவணியில் வந்தது, சில வருஷம் புரட்டாசியில் வந்தது. பேப்பரில் கோர்ட்டு கேஸு என்று படிப்போம். குறுவை போடுவதையே பலர் விட்டுவிட்டார்கள். வாய்க்கால் முன்னைவிட அதிக மாதம் பாதையாகக் கிடந்தது. டிராக்டர் ஓடி ஓடித் தடம் கெட்டித்துப்போனது. அதில் தண்ணீர் போகும் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும் என்கிற நிலை.

அப்படி ஒரு சித்திரையில்தான் அளவெடுக்கிறவர்கள் வந்தார்கள். முக்காலி வைத்து, குடை பிடித்து, முன்வயலுக்கு நடுவில் வடக்கும் தெற்குமாகச் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே போனார்கள். நான் அன்றைக்குப் பேராவூரணியில் இருந்தேன். பெண்ணை அங்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில்தான் கொடுத்திருந்தோம், அவளுக்கு இரண்டாவது பிரசவம். திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் இவர், "வந்துருச்சுடி! பைபாஸு! நம்ம வாசலுக்கு நேரா!" என்று குதித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் மீதியைச் சொன்னார். அவர்களுக்கு மோர் கொடுத்து, போர்டிகோவில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். அவர்களில் பெரியவர், வாய்க்காலில் கிடந்த டிராக்டர் தடத்தைக் காட்டி, "இது என்னங்க, பாதையா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாதைன்னேன்."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அட, கேளுடி. வாய்க்கான்னு சொன்னா ஒரு பாலத்தக் கட்டிட்டுப் போயிட்டே இருப்பான். பாதைன்னு சொன்னாத்தான் ரோட்டோட சேக்கணும். எறக்கம் வைப்பான், ஜங்ஷன் வைப்பான். நம்ம வாசல்லயே ஜங்ஷன்!"

"அட பாவி மனுஷா, ஐப்பசியில தண்ணி எங்கய்யா போவும்?"

"பைப்பு போடுவான்" என்றார், முன்பு சொன்ன அதே குரலில்.

அன்றைக்கு நான் கத்திய கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நாளைக்கே போய் மாற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். போகிறேன் போகிறேன் என்றார், போகவில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்களிடம் வரைபடம் இல்லாமலா இருந்திருக்கும்? வாய்க்கால் அதில் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். ஆனால் கண்ணால் பார்த்தது வண்டித்தடம், காதால் கேட்டது இந்த மனுஷர் சொன்ன வார்த்தை. அந்த ஒரு வார்த்தையால்தான் அப்படி ஆனதா, இல்லை எப்படியும் அப்படித்தான் ஆகியிருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நிலம் எடுக்கிற வேலை முடிந்ததும் வல்லம் பக்கத்திலிருந்து டிப்பர் லாரிகளில் செம்மண் வர ஆரம்பித்தது. பகலெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ரோடு என்றால் தரையில் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது ஏறிக்கொண்டே போனது. முதலில் எங்கள் படி உயரம். பிறகு ஜன்னல். மழைக்காலத்துக்கு முன்னால் நிலைவாசல் மட்டத்தைத் தாண்டியது. அடுத்த வருஷம் போர்டிகோவில் உட்கார்ந்தால் வானம் பார்க்கக் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. காலை வெயில் வீட்டுக்குள் வருவது நின்றுவிட்டது. வயலில் பாதியை ரோடு எடுத்துக்கொண்டது, மீதிப் பாதி எங்கள் வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

இவர் ஆரம்பத்தில் வேலைக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு, இஞ்சினியரோடு மலாயும் தமிழும் கலந்து கதையடித்துக்கொண்டு திரிந்தார். மேடு ஏற ஏற அவர் பேச்சு இறங்கியது. ஒருநாள் நான் கேட்கும்படியாகவே, "சார், நம்ம பாதைக்கு எறக்கம் எங்க சார் வருது?" என்று கேட்டார்.

"இங்க எறக்கம் கிடையாதுங்களே. ரெண்டு பக்கமும் கம்பி வந்துரும்."

"பாதை இருக்குதே சார்."

"சர்வீஸ் ரோடு அடுத்த கட்டத்துல வரும். அதுல சேத்துருவாங்க."

"தண்ணி போறதுக்கு?"

"பைப்பு போட்டிருக்கோம்ல."

போட்டிருந்தார்கள். மேட்டின் அடியில், வாய்க்கால் இருந்த இடத்தில், ஒரு ஆள் தவழ்ந்துகூடப் போக முடியாத சிமெண்டுக் குழாய் ஒன்று கிடந்தது. இவர் அதைப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

ரோட்டில் வண்டி ஓட ஆரம்பித்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழாய் இரண்டே நாளில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக்கொண்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர். இந்தப் பக்கம் எங்கள் மேல்படி வரைக்கும். சம்பா முழுகிவிட்டது. முதலில் பச்சை தெரிந்தது, பிறகு நுனி தெரிந்தது, பிறகு தண்ணீர் மட்டும்தான். ஒரு வாரத்தில் அழுகல் வாடை எடுத்தது. நான் கதவை மூடிவைத்தேன், ஆனாலும் சோற்றில்கூட அந்த வாடை வீசியது. ராத்திரியெல்லாம் தலைக்கு மேலே லாரிகள் போகும் சத்தம். தூக்கத்தில் வீடே ஆற்றுக்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

முன்வயல்காரத் தம்பி ஜமாபந்தியில் மனுக் கொடுத்தார், தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஒருநாள் எங்கள் அடுப்படிக் கதவு வழியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஆபீசுல சொல்றாங்க, அளக்க வந்தப்ப ஊர்க்காரங்கள விசாரிச்சோம், பாதைன்னுதான் சொன்னாங்கன்னு. யாருண்ணே சொன்னது?"

இவர் பொய் சொல்வாரோ என்று பயந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"நாந்தான்டா சொன்னேன்" என்றார்.

தம்பி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வரேன் அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அந்த வயலில் இரண்டு போகம் முயற்சி செய்து பார்த்துவிட்டுத் தரிசாகப் போட்டுவிட்டார். கோரையும் காட்டாமணக்கும் முளைத்தன.

இவர் போர்டிகோவை விட்டு நகரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க என்ன இருக்கிறது? கம்பித் தடுப்புக்கு மேலே லாரித் தார்ப்பாயும் பஸ்ஸின் மேல்பாதியும் சர் சர்ரென்று ஓடும். ஒரு வண்டியும் நிற்காது. அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. "உள்ள வாங்க, ஈரத்துல உக்காராதீங்க" என்றால், "சர்வீஸ் ரோடு வந்துரும்" என்பார். அவர் கண்ட எதிர்காலமெல்லாம் வற்றி வற்றி அந்த ஒன்றில் வந்து நின்றுவிட்டது. ஆகாச ரயில் இல்லை, மாடி நெல் இல்லை. மேட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு ஒரு சரிவு. அவ்வளவுதான் அவர் கேட்டது.

சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகை மாதப் பகல். நல்ல மழை. அடுப்படியில் இருந்தவள், நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டு ஓடினேன். மார்பைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. செல்போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஊர் பேர் சொன்னேன், பைபாஸ் ஓரம், பச்சைக் கலர் போர்டிகோ என்றும் சொன்னேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க, வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நிஜமாகவே சீக்கிரம் வந்துவிட்டது. தெற்கேயிருந்து சைரன் சத்தம் கேட்டது, பெரிதானது, எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. ஆமாம், நின்றது. கம்பிக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றுவது தெரிந்தது. அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

"வந்துட்டான்டி" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

என் போன் அடித்தது. "அம்மா, பச்ச கலர் போர்டிகோதானே? தெரியுதும்மா. நீங்க தெரியிறீங்க. எறங்க வழியில்லங்களே." ஒரு பையன் கம்பியைத் தாண்டிச் சரிவில் கால் வைத்தான். செம்மண் சேறு, சறுக்கிப் பாதி தூரம் வந்து புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர், அதைத் தாண்டித்தான் நாங்கள். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரவும் முடியாது, இவரைத் தூக்கி ஏற்றவும் முடியாது. "சுத்தித்தாம்மா வரணும், அடுத்த எறக்கத்துல எறங்கி ஊருக்குள்ள வரோம், கதவத் தொறந்து வைங்க" என்றான். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பாவம், அவனை. சைரன் சத்தம் வடக்கே போய்ச் சிறுத்து, காணாமல் போனது.

அது தெருப்பக்கம் வந்து நின்றபோது, உள்ளே வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் கண் மேட்டைப் பார்த்தபடியே இருந்தது.

மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் பேராவூரணியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. பாடை கட்டி முடித்ததும் ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, மாப்பிள்ளையை என்னிடம் அனுப்பினார்கள்.

"அத்தை, அந்தப் பக்கம் போவ முடியாது. தெருப்பக்கமா எடுத்துறலாம்னு சொல்றாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆங்காரம் வந்ததோ. "கொல்லை வழியாவா? அந்த மனுஷன கொல்லை வழியாவா கொண்டுபோவீங்க? வாசலு வாசலுன்னு உசுர விட்டாரேய்யா!" என்று கத்தினேன். எனக்கே தெரிந்தது, நான் கேட்பது நடக்கிற காரியமில்லை.

அப்போதுதான் முன்வயல்காரத் தம்பி அடுப்படி வழியாக உள்ளே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேக்குக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, படி இறங்கித் தன் வயலில் இருந்த தண்ணீருக்குள் நின்றார். "தூக்குங்கப்பா" என்றார்.

பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். நான் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் தலைக்கு மேலே பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சரிவில் கயிறு போட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஏற்றினார்கள். மேலே போன நாலு பேர் ரோட்டுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பிரேக் பிடிக்கிற கிறீச் சத்தம் கேட்டது, ஹாரன் கேட்டது, யாரோ வெளியூர் டிரைவர் திட்டுவது கேட்டது. கம்பியைத் தாண்டி அவரை அந்த ரோட்டில் இறக்கினார்கள். அப்புறம் ஹாரன் சத்தமும் நின்றுவிட்டது. லாரி, பஸ், கார் எல்லாம் வரிசையாக நின்றன. அவர் குறுக்கே கடந்து கிழக்கே இறங்கினார். எனக்குத் தெரிந்து அந்த ரோடு மொத்தமாக நின்றது அன்றைக்கு ஒருநாள்தான்.

இப்போது நான் தனியாகத்தான் இருக்கிறேன். வித்துவிட்டு வந்துவிடம்மா என்று பெண் கூப்பிடுகிறாள். வாங்குகிறவன் யார்? தேக்குக் கதவைப் பூட்டிவைத்திருக்கிறேன். ஐப்பசியில் கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். சர்வீஸ் ரோடு வரவில்லை.

போன வைகாசியில் ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, காய்ந்த வாய்க்காலுக்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. பளபளக்கிற சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கி முக்காலியை வைத்தார்கள். நான் எழுந்து போனேன். அவர்களில் ஒருவர் மரியாதையான பிள்ளை. "இன்னொரு ரோடு வருதும்மா, பைபாஸ்ல வந்து சேருது. ஜங்ஷன் இங்கதான், உங்க வீட்டு வாசல்லயே" என்றார். நான் இன்னும் கிட்டப் போனேன்.

"எது மேல வருது?"

"இதோ, இது மேலதான். இது பாதைதானேம்மா?"

"இல்லப்பா. வாய்க்கா."

"தண்ணியே இல்லியே?"

"ஆனி பொறந்தா வரும். ஐப்பசியில வந்து பாரு, நீ நிக்கிற எடத்துல என் கழுத்துக்குத் தண்ணி நிக்கும். வாய்க்கான்னு எழுதிக்கப்பா. நான் சொன்னேன்னு எழுதிக்க."

அவர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பொடி மணல். பிறகு வாய்க்கால் நெடுகப் பார்வையை ஓட்டிவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார்.

"வண்டித்தடம் இருக்குதேம்மா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அது அவர்கள் வந்த ஜீப்பின் தடம்.